காதோரம் ஒரு கொசு

நாவல் தொடங்குவதே ஒரு கொசுவில்தான். 1793 ஆகஸ்ட் மாதம், பிலடெல்பியா நகரம். 14 வயது மேட்டி குக் கண் விழிக்கும்போது காதோரம் அது ரீங்கரிக்கிறது. அவளுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் பூச்சி, அவ்வளவுதான். படிக்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஃபீவர் 1793’ வெளியான ஆண்டு 2000. அப்போது அமெரிக்கத் தலைநகராக இருந்த பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் சூறையாடிய கதை. ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த ஊரில், சில மாதங்களுக்குள் சுமார் 5,000 பேர் மாண்டார்கள். பரப்பியது ஏடிஸ் கொசு. நம்மூருக்கு டெங்குவைக் கொண்டுவருகிறதே, அதேதான். ஆனால் அது நிரூபணமானது 1900இல்.

மேட்டிக்கு எப்படித் தெரியும்? கப்பல்துறையில் கொட்டி அழுகிய காபிக்கொட்டையின் நாற்றத்தால்தான் காய்ச்சல் என்பது அன்றைய பேச்சு. அவள் அம்மா நடத்துவதோ காபிக் கடை! அம்மா படுத்ததும் வைத்தியர் வந்து கையைக் கீறிக் கிண்ணத்தில் ரத்தம் வடிக்கிறார். நமக்குப் பதறுகிறது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட டாக்டர் பெஞ்சமின் ரஷ்ஷே அதைத்தான் செய்துகொண்டிருந்தார் எனும்போது, இந்தச் சிறுபெண் யாரைத் தடுப்பாள்? எல்லாம் தெரிந்த ஒரு கிழவரை நுழைத்துக் கொசுவைக் காட்டிக்கொடுக்கும் சபலம் எந்த எழுத்தாளருக்கும் வரும். ஆண்டர்சன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. உறைபனி விழுந்து காய்ச்சல் அடங்கும்போதும் ஏன் என்று எவருக்கும் தெரிவதில்லை.

ஆனால் மேட்டிக்குத் தெரிந்ததை மட்டுமே காட்டும் இந்தக் குறுகிய ஜன்னலுக்கு ஒரு விலை உண்டு. கறுப்பினத்தவரை இந்தக் காய்ச்சல் அண்டாது என்று ரஷ் தவறாக நம்பினார். அவர் கேட்டுக்கொண்டதால் கறுப்பினத்தவரின் அமைப்பான ‘ஃப்ரீ ஆப்பிரிக்கன் சொசைட்டி’யினர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்தார்கள், அவர்களிலும் பலர் இறந்தார்கள். கைம்மாறாகக் கிடைத்தது பழி. நோயாளிகளிடம் பணம் கறந்தவர்கள் என்று பதிப்பாளர் மேத்யூ கேரி எழுதினார். அந்த அமைப்பின் தலைவர்கள் அப்சலம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் 1794இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார்கள்.

இத்தனையிலும் மேட்டியின் கண்ணில் படுவது, கடையின் கறுப்பினச் சமையல்காரி எலிசாவோடு அவள் போய்வரும் வீடுகள்தான். நாவலின் உடலுக்குள் நுழைய முடியாத வரலாற்றுக்கு ஆசிரியர் பின்னிணைப்பில் இடம் தேடுகிறார். எலிசாவே கதை சொல்லியிருந்தால், கேரியின் பழிச்சொல் கதையின் நடுவிலேயே வந்து விழுந்திருக்கும்.