நாள்தோறும் வந்து மீளும் மாணாக்கர்

கல்லூரியிற் பயில்வோர் இருதிறத்தினர். விடுதியில் உறைந்து, மணியோசை கேட்டு வகுப்பிற் புகுவோர் ஒரு திறத்தினர். வைகறையில் தத்தம் ஊரைவிட்டுப் புறப்பட்டு, பஸ்ஸும் இரயிலும் மாறி வந்து, மாலையில் அவ்வழியே மீள்வோர் மற்றொரு திறத்தினர். விழுப்புரம், திண்டிவனம் என்னும் இரு நகர்களிலும் பின்னவர் தொகை பெரிது. அவர்கள் ஒருங்கு கூடுங்கால் எழும் முறையீடுகள் மூன்று: வேளைக்கு உணவில்லை; வேளைக்கு வண்டியில்லை; சொந்த வண்டியில் வந்தாலோ அதனை நிறுத்த இடமில்லை. இவற்றை மூவேறு குறைகளாகக் கொண்டு, ஒன்றைச் சிற்றுண்டிச்சாலையார்மீதும், ஒன்றைப் போக்குவரத்துக் கழகத்தார்மீதும், ஒன்றைக் கல்லூரி வாயிற்காவலர்மீதும் சுமத்துதல் வழக்கமாயிருக்கின்றது. ஆழ்ந்து நோக்குவார்க்கு இவை மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது புலனாகும். வண்டியின் காலமும் வகுப்பின் காலமும் ஒன்றோடொன்று பொருந்தாமையே அவ்வேர். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இவ்வூர்களின் அமைப்பைக் காண்பாம். விழுப்புரம் ஐந்து இருப்புப்பாதைகள் கூடுமிடம். வடக்கே சென்னை, கிழக்கே புதுச்சேரி, தென்கிழக்கே கடலூர் வழியாக மயிலாடுதுறை, தென்மேற்கே விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி, வடமேற்கே திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என்று அவை பிரிகின்றன. இவற்றுள் புதுச்சேரிப் பாதை 1879 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பெற்றது. திண்டிவனமோ சாலைகள் கூடுமிடம். சென்னை-திருச்சிப் பெருவழியும் புதுச்சேரி-கிருஷ்ணகிரிப் பெருவழியும் அங்கே சந்திக்கின்றன. மரக்காணத்துச் சாலையும் வந்து சேர்கின்றது. எனவே, சுற்றுப்புறச் சிற்றூர்கள் அனைத்திற்கும் இவ்விரு நகர்களே வாயில்களாயின.

முற்காலத்தில் இப்பகுதி இளைஞர் பட்டம் பெற விரும்பின், சென்னைக்கோ, 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய சிதம்பரத்திற்கோ சென்று தங்கியே பெரும்பாலும் பயில வேண்டியிருந்தது. 1960-களின் இறுதியில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசினர் கலைக்கல்லூரிகள் தோன்றிய பின்னர், வீட்டிலிருந்தபடியே பயிலும் வழி பிறந்தது. விடுதிச் செலவுக்கு வகையற்ற இல்லத்துப் பிள்ளையும், வெளியூரில் தங்க விடப்படாத பெண்ணும் கல்லூரி வாயிலை மிதித்தது இவ்வழியாலேதான். ஆதலின், நாள்தோறும் வந்து மீளுதல் ஒரு வசதிக்குறைவு மட்டுமன்று. பலர்க்கு அதுவே கல்வியின் ஒரே வழி. அவ்வழி அடைபடின் கல்வியும் அடைபடும்.

இனி, ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வாம். செஞ்சிக்கு அப்பால் கிளைச்சாலையிலுள்ள ஒரு சிற்றூர் மாணவி திண்டிவனத்திற் பயில்கின்றாள் என்க. முதல் வகுப்பு 9.30 மணிக்கு. அவளூர்க்கு வரும் பஸ் காலை 7.15 மணிக்கு ஒன்று. அதனை விட்டால் அடுத்தது 9 மணிக்கு. செஞ்சியிலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். நின்று நின்று வரும் பஸ்ஸில் அஃது ஒரு மணி நேரப் பயணம். செஞ்சியில் காத்திருக்கும் நேரத்தையும், திண்டிவனத்தில் இறங்கி நடக்கும் நேரத்தையும் கூட்டின், 9.20 மணிக்குக் கல்லூரியை அடைவாள். எஞ்சுவது பத்து நிமிடமே. முதல் பஸ் பத்து நிமிடம் தாழ்த்தால் செஞ்சியில் அடுத்த பஸ் தவறும். அது தவறின் முதல் வகுப்பு முழுதும் போகும். பத்து நிமிடத் தாமதம் ஒரு மணி நேர இழப்பாகப் பெருகுவது இங்ஙனமே. தேர்வெழுதுதற்கு 75 விழுக்காடு வருகை வேண்டுமென்பது பல்கலைக்கழகங்களின் பொதுவிதி. அறிவிற் குறையின்றியும் தேர்வுக்கூடத்தின் வெளியே நிற்க நேரும் அவலத்திற்கு இதுவே காரணம்.

அம்மாணவியின் உணவை நோக்குக. 7 மணிக்கு அவள் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். அதற்குள் தண்ணீர் பிடித்தல், மாட்டுக்குத் தீவனம் இடுதல் முதலிய வேலைகளும் முடிய வேண்டும். உலையில் அரிசி வேகுமுன் பஸ் வந்துவிடும். ஆகவே, முந்திய இரவு உண்டவள் மறுநாள் நண்பகல் 1 மணிக்கே மீண்டும் உண்பாள். நம் நாட்டில் அரசினர் பள்ளிப் பிள்ளைகளின் பசியை நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளனர். 1956 இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982 இல் எம்.ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிச் சிறார்க்குக் காலை உணவுத் திட்டமும் தோன்றின. ஆயின், இவ்வேற்பாடுகள் பள்ளியோடு நின்றுவிடுகின்றன. பதினைந்து வயதிற் பசித்த வயிறு பதினெட்டு வயதிற் பசியாதொழியுமோ? அரசினர் பள்ளியிற் பயின்று உயர்கல்விக்கு வந்த பெண்களுக்கு 2022 இலும், ஆண்களுக்கு 2024 இலும் மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. மாதத்தில் 25 நாள் கல்லூரி நடப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு அது 40 ரூபாய். அதனுள்ளேதான் புத்தகமும், வழிச்செலவும், பகலுணவும் அடங்க வேண்டும். சிற்றுண்டிச்சாலைப் பண்டங்களின் விலையைக் குறித்து மாணாக்கர் முணுமுணுப்பது நாவின் சுவை கருதியன்று, இக்கணக்கைக் கருதியே.

அடுத்து, வண்டிகளைப் பற்றிச் சில கூறுவாம். இப்பகுதி அரசினர் பஸ்கள் 1975 முதல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்னும் பெயரால் இயங்கின. 1997 இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரப் பிரிவாயிற்று. அரசினர் கலைக்கல்லூரி மாணாக்கர்க்கு இலவசப் பயணச் சீட்டு உண்டு. 2021 மே மாதத்தில் நகரப் பஸ்களில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணமும் தொடங்கிற்று. இவை பெரும் உதவிகளே. எனினும், சீட்டு இருப்பது ஒன்று; அச்சீட்டுச் செல்லுபடியாகும் பஸ் உரிய வேளையில் வருவது மற்றொன்று. நெடுந்தூர விரைவுப் பஸ்கள் பல ஊருக்குள் நுழையாமலே புறவழிச்சாலையிற் சென்றுவிடுகின்றன. அவற்றில் இலவசச் சீட்டும் செல்லாது. ஆகவே, அனைவரும் ஒரே பஸ்ஸில் ஏறுகின்றனர். இடம் பெறாதார் படிக்கட்டில் தொங்குகின்றனர். மோட்டார் வாகனச் சட்டம் இதனைத் தடுக்கின்றது. எனினும், அடுத்த பஸ் எப்போது வரும் என்பதை அறியாதவன் சட்டத்தை நினைப்பதில்லை. தொங்குதல் துணிவன்று, பெரும்பாலும் அஃது அச்சத்தின் விளைவே.

இரயிற் பயணம் இதனினும் எளிது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்னும் நிலையங்கள் உள்ளன. மூன்று மாதச் சீசன் சீட்டின் விலை மாதச் சீட்டைப்போல் 2.7 மடங்கே, மாணாக்கர்க்குச் சீசன் சீட்டில் பாதிக் கட்டணச் சலுகையும் உண்டு. இவற்றினும் பெரிய சலுகை ஒன்று பலரறியாதது: வீட்டிற்கும் கல்விச்சாலைக்கும் இடையே, பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரையிலும், ஆண்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும், இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டை இரயில்வே இலவசமாக வழங்குகின்றது. கல்லூரியின் சான்றிதழே அதற்கு வேண்டுவது. ஆயினும், இரயிலை முற்றும் நம்பியிருத்தலும் இயலாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் பயணிகள் இரயில்கள் நின்றன. பின்னர் அவை விரைவு வண்டிக் கட்டணத்தோடு ஓடியபோது 10 ரூபாய்க் குறைந்த கட்டணம் 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியிலேதான் பழைய கட்டணம் மீண்டது. அவ்வாண்டிறுதியில் பெஞ்சல் புயல் மழையால் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையேயுள்ள பாலத்தை வெள்ளம் சூழ, டிசம்பர் 2 ஆம் நாள் அப்பாதையில் இரயில்கள் நிறுத்தப்பட்டன. செஞ்சி வழியாகத் திண்டிவனம்-திருவண்ணாமலைப் புதிய பாதைக்கு 2006-07 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இசைவு கிடைத்தும், செஞ்சி மாணாக்கர்க்கு இன்னும் இரயில் வாய்க்கவில்லை.

இங்ஙனம் பஸ்ஸும் இரயிலும் கைவிட்ட இடத்திலேதான் மோட்டார் சைக்கிள் நுழைகின்றது. தந்தை கடன் வாங்கி அதனை வாங்கித் தருவது மகனின் பகட்டுக்காக மட்டுமன்று. முதல் வகுப்புக்காகவும் ஆம். ஆனால், முதலாண்டு மாணவர் பலர்க்கு வயது பதினேழே. பதினெட்டு நிறையாதார் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் கூடாது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அக்குற்றத்திற்கு வண்டியின் உரிமையாளரும் பாதுகாவலரும் பொறுப்பாவர். 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். கனவண்டிகள் விரையும் சென்னை-திருச்சிப் பெருவழியில் இருவரும் மூவருமாக ஏறிச் செல்வதன் இடர் சொல்ல வேண்டுவதின்று. உயிரைக் காத்துக் கல்லூரி சேர்ந்தால், நிழலில் நிறுத்த இடமில்லை என்ற பூசல் எழுகின்றது. பஸ் ஒன்று உரிய வேளையில் வருமாயின், அதில் வரும் ஐம்பதின்மரின் வண்டிகளுக்கு இடம் தேட வேண்டியதில்லை. ஆகவே, வண்டி நிறுத்துமிடத்தின் குறையும் பஸ்ஸின் குறையே.

இதற்கு நாம் செய்யக்கூடுவது யாது? முதலாவது, எண்ணுதல். எந்தெந்த ஊரிலிருந்து எத்தனைபேர், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு வருகின்றனர் என்னும் கணக்கை ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்புதோறும் எடுத்தல் வேண்டும். “பஸ் போதவில்லை” என்னும் விண்ணப்பம் கிளை மேலாளரின் மேசைமேல் உறங்கும். இன்ன ஊரில் இன்ன வேளையில் இத்தனைபேர் நிற்கின்றனர் என்னும் விண்ணப்பம் அவரை எழுப்பும். இரயில் பற்றி எழுதுவோர், திண்டிவனம் சென்னைக் கோட்டத்தையும், விழுப்புரம் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தையும் சார்ந்தவை என்பதை நினைவிற்கொண்டு இரு கோட்டத்தார்க்கும் எழுதுதல் நன்று. இரண்டாவது, கல்லூரியார் அக்கணக்கைக் கண்டு முதல் மணியைச் சிறிது முன்பின்னாக மாற்றுதல். மாலையில் கடைசி பஸ்ஸைப் பிடிப்போர்க்கு இடையூறு நேராமல் இதனைச் செய்தல் வேண்டும். மூன்றாவது, கட்டுச்சோறு கொணர்வோர் அமர்ந்துண்ண ஓர் அறையும், குடிநீரும், கைகழுவ இடமும், காலையிற் குறைந்த விலையில் இட்டலியும் கஞ்சியும் கிடைக்க ஏற்பாடும் அமைத்தல். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா.

இந்நகர்களிற் பயின்று உயர்நிலை எய்திய பழைய மாணாக்கர் பலர், தாமும் அதே பஸ்ஸிற் படியில் நின்று வந்தவர்களே. கல்லூரிக்கு ஏதேனும் செய்ய விரும்புவோர் மண்டபமும் வளைவும் கட்டுதற்கு முன்னர், கூரையோடு கூடிய ஒரு நிழற்குடையையும் உண்ணும் அறையையும் எண்ணிப் பார்ப்பாராக. சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? பசியாறிய வயிறும் வேளைக்கு வந்த வண்டியுமே நாம் கற்பிக்கும் கல்விக்குச் சுவராவன.