கிழட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது வேலை!

ஐ.பி.எம். பி.சி. என்ற கம்ப்யூட்டர், 1981-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் அறிமுகம் ஆனது. அதற்கு 40 வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

அதன் இதயம் வினாடிக்குச் சுமார் 47 லட்சம் தடவை துடிக்கும். இன்றைய கம்ப்யூட்டரின் இதயமோ 300 கோடி தடவை கூடத் துடிக்கிறது! சினிமா காட்ட அந்தக் கிழவனால் முடியாது. இன்றைய இன்டர்நெட் பக்கங்களைத் திறக்கவும் முடியாது.

அப்படியானால் அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம்! ஒரு கம்பி போதும். அந்தக் கிழவனை இன்றைய பெரிய சர்வரோடு பேச வைத்துவிடலாம்.

தபால்காரர் வேலை

சர்வர் என்பது பல பேருக்கு ஒரே நேரத்தில் வேலை செய்யும் கம்ப்யூட்டர். பாங்கிக் கணக்கு, ரெயில் டிக்கெட் எல்லாம் இத்தகைய கம்ப்யூட்டர்களில்தான் இருக்கின்றன.

பழைய கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தைத் தட்டினால், அது கம்பி வழியாகச் சர்வருக்குப் போகும். சர்வர் வேலையைச் செய்து, பதிலை எழுத்து எழுத்தாக அனுப்பும். பழைய கம்ப்யூட்டர் அதைத் திரையில் காட்டும். அவ்வளவுதான்.

தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது இல்லை. கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. அதே வேலைதான் இதுவும். இந்த வேலையைச் செய்யும் கருவிக்கு "டெர்மினல்" என்று பெயர்.

இது புதிய யோசனை அல்ல. ஒரு காலத்தில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைச் சுற்றிப் பல டெர்மினல்கள் இருக்கும். 1963-ல் வந்த "டெலிடைப் 33", பதிலைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தது. 1978-ல் வந்த "வி.டி.100", பதிலைத் திரையில் காட்டியது.

வாய்க்கு நேரே காது

பழைய கம்ப்யூட்டரின் பின்புறத்தில் "சீரியல் போர்ட்" என்ற துளை உண்டு. எழுத்துகள் அதன் வழியே எறும்புகள் போல ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். சர்வரிலும் அத்தகைய துளை இருக்கும். இல்லாவிட்டால் அதற்கான இணைப்புக் கருவி கடையில் கிடைக்கும்.

முக்கியமாக மூன்று கம்பிகள் வேண்டும். ஒன்று பேச, ஒன்று கேட்க, ஒன்று இரண்டுக்கும் பொது.

பேசும் கம்பியையும் கேட்கும் கம்பியையும் மாற்றிக் கட்ட வேண்டும். இவருடைய வாய்க்கு நேரே அவருடைய காது இருக்க வேண்டும் அல்லவா? வாய்க்கு நேரே வாய் இருந்தால், இரண்டு பேரும் பேசுவார்கள். கேட்க ஆள் இருக்காது!

வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமான வேகம் 9600. அந்த வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்துகள் போகும். 80 எழுத்து கொண்ட 24 வரிகளை நிரப்ப 2 வினாடி பிடிக்கும். வேகம் மாறினால் திரையில் வெறும் கிறுக்கல்தான் வரும்.

டெர்மினல் வேலையைக் கற்றுக்கொடுக்கப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு புரோகிராம் வேண்டும். 1981-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான "கெர்மிட்" அதற்கு உதவும்.

சர்வரின் வாசலில் "கெட்டி" என்ற புரோகிராம் காவல் இருக்கும். "யார் நீ?" என்று பெயரைக் கேட்கும். பெயரும் ரகசியச் சொல்லும் சரியாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

கொல்லைப்புற வாசல்

இதெல்லாம் வெறும் வேடிக்கையா? இல்லை.

சர்வரைக் கவனிக்கும் நிபுணர், பெரும்பாலும் வேறு இடத்தில் இருந்துகொண்டு, நெட்வொர்க் வழியாகவே அதற்குக் கட்டளை கொடுப்பார். ஒருநாள் அவர் ஒரு கட்டளையைத் தவறாக அடித்துவிட்டால்? அந்தக் கணமே நெட்வொர்க் மூடிக்கொள்ளும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவன் கதைதான்! அவரும் உள்ளே போக முடியாது. சர்வரை நம்பி இருப்பவர்கள் வேலையும் நின்றுவிடும்.

அப்போது கைகொடுப்பது இந்தச் சின்னக் கம்பி. இதற்கு நெட்வொர்க்கே தேவை இல்லை. கம்பி வழியாக உள்ளே போய்த் தவறைத் திருத்திவிடலாம். இதற்காகவே பல பெரிய சர்வர்களில் இன்றும் சீரியல் வசதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எச்சரிக்கை! இந்தக் கம்பியில் ரகசியச் சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும். ஆகவே கம்பி ஒரே அறைக்குள் இருப்பது நல்லது. பழைய திரைப்பெட்டிக்குள் கடுமையான மின்சாரம் இருக்கும். அதைத் திறக்கவே கூடாது.

மாணவர் எழுதிய புரோகிராம்

1991-ம் ஆண்டு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இருந்தார். வயது 21. பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரோடு வீட்டில் இருந்தபடியே பேச அவர் விரும்பினார். அதற்காக ஒரு டெர்மினல் புரோகிராம் எழுதினார். அதில் ஒவ்வொரு வசதியாகச் சேர்த்துக்கொண்டே போனார். அதுதான் வளர்ந்து "லினக்ஸ்" ஆனது!

இன்று உலகின் ஏராளமான சர்வர்கள் லினக்சில்தான் ஓடுகின்றன. 1981-ம் ஆண்டுக் கிழவன் வந்து கதவைத் தட்டினாலும், லினக்ஸ் "யார் நீ?" என்று கேட்டுக் கதவைத் திறக்கிறது.

திறக்காமல் இருக்குமா? அது பிறந்ததே ஒரு டெர்மினலில் இருந்துதானே!