"அந்த சத்தம்" எங்கே? குமிழைத் திருகித் திருகித் தேயும் விரல்கள்!

சங்கரன்கோவில்,

ஆடித் தபசு என்றால் சங்கரன்கோவிலில் கால் வைக்க இடம் இருக்காது. தபசு ஆகட்டும், அக்கம்பக்கத்து ஊர்க் கோவில் கொடை ஆகட்டும், மைக் செட் இல்லாமல் நெல்லைச் சீமையில் திருவிழா உண்டா?

ராத்திரி இன்னிசைக் கச்சேரி மேடையைக் கவனித்திருக்கிறீர்களா? பாடகருக்குப் பின்னால் கிட்டார்காரர் நிற்பார். பாட்டுக்குப் பாட்டு குனிவார். காலடியில் இருக்கும் ஆம்ப்ளிபயரில் ஒரு குமிழைத் திருகுவார். ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். மறுபடியும் குனிவார்.

"நல்லாத்தானே கேக்குது! இன்னும் என்னத்தத் திருகுதாரு?" என்று கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றும்.

அவர் தேடுவது ஒரு சத்தம். உலகம் பூராவும் கிட்டார்காரர்கள் "டோன், டோன்" என்று உயிரை விடுகிறார்களே, அதுதான்!

பிளேடால் கீறினார்

1964-ல் லண்டன் வாலிபர் டேவ் டேவிசுக்குத் தன் சின்ன ஆம்ப்ளிபயரின் சத்தம் பிடிக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? ஸ்பீக்கரின் கூம்புத் தாளைச் சவர பிளேடால் கீறிவிட்டார்! அது கரகரவென்று உறுமியது. ரிப்பேர் என்று மூலையில் போட வேண்டிய சத்தம். அதே சத்தத்தோடு அவருடைய "கிங்க்ஸ்" குழு போட்ட பாட்டு, அந்த வருஷமே இங்கிலாந்தில் முதல் இடத்தைப் பிடித்தது.

அதற்கு 2 வருஷம் முன்பு, அதே லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற டிரம் வாத்தியார் வாத்தியக் கடை வைத்திருந்தார். அமெரிக்க "பெண்டர்" ஆம்ப்ளிபயர் விலை அங்குள்ளவர்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. அதைப் பார்த்து அதே மாதிரி ஒன்றை ஆள் வைத்துச் செய்தார். கிடைத்த பாகங்களைப் போட்டதில் சத்தம் மாறிவிட்டது. மாறின சத்தத்துக்குத்தான் மவுசு!

வால்வு ரகசியம்

பழைய வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? சூடேறின பிறகுதான் வாய் திறக்கும். அந்த வால்வுதான் கிட்டார்காரர்களின் செல்லப்பிள்ளை.

தாங்காத அளவுக்கு அழுத்தினால் டிரான்சிஸ்டரும் திணறும், வால்வும் திணறும். டிரான்சிஸ்டர், சத்த அலையின் தலையை அரிவாளால் வெட்டினது போல் வெட்டும். காதில் குத்தும். வால்வோ, மழையில் கரைந்த புற்று மாதிரி முனையை மழுக்கிவிடும். உறுமலிலும் ஒரு இனிமை இருக்கும்.

ஆனால் ஜாக்கிரதை! வால்வு ஆம்ப்ளிபயருக்குள் 300, 400 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். விவரம் தெரியாமல் கை வைத்தால் ஆளையே கொன்றுவிடும்.

மாண்டலின் மாயம்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கூத்து" என்று ஒதுக்கிவிட வேண்டாம். மாண்டலின் தந்தியைத் தட்டினால் நாதம் சீக்கிரம் செத்துவிடும். பிறகு கமகம் எப்படி வரும்? யு.ஸ்ரீநிவாஸ் (1969-2014) 5 தந்தி மின்சார மாண்டலினை எடுத்தார். ஆம்ப்ளிபயர் நாதத்தைப் பிடித்து நிறுத்தியது. சின்னப் பையனாகச் சென்னை மேடை ஏறி, கர்நாடக இசையை அதில் வாசித்துப் பெரியவர்களை அசர வைத்தார்.

வீட்டில் தேன், மேடையில் வேம்பு!

சரி, தேடல் ஏன் முடியவில்லை? காதுதான் காரணம்.

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து சொல்லிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருந்தால் நம் காது கனத்த ஒலியைச் சரியாகப் பிடிக்காது. சத்தம் கூடினால் பிடிக்கும். அதனால் வீட்டில் மெதுவாக வைத்து "பேஸ்" கூட்டினவர், மேடையில் வால்யூமை ஏற்றினால் "கும்"மென்று அடைக்கும்.

இன்னொரு சங்கதி. ஆம்ப்ளிபயர் இருப்பது காலடியில். காது இருப்பது 5 அடி உயரத்தில். கூர்மையான ஒலி ஸ்பீக்கருக்கு நேராகத்தான் பாயும். வாசிப்பவருக்கு அது எட்டாது. "டிரபிள் பத்தலியே" என்று திருகுவார். முன்வரிசைக்காரர் காதில் ஊசி இறங்கும்!

மைக் செட்காரருக்கு இந்த வம்பு இல்லை. குழாயைக் கட்டினதும் ஒரு பையனைத் தெருக்கோடிக்கு விரட்டுவார்.

"ஏலே, அங்க கேக்குதா?"

"கேக்குதுண்ணே... ஆனா கிர்ருங்கு!"

அப்புறம்தான் குமிழில் கை வைப்பார்.

காது போனால்?

இப்போது கம்ப்யூட்டர் பெட்டிகள் வந்துவிட்டன. 1998-ல் "லைன் 6" கம்பெனியின் "பாட்", 2011-ல் "கெம்பர்". ஒரே பெட்டிக்குள் பல ஆம்ப்ளிபயர்களின் சத்தம் அடக்கம். தேடல் நின்றதா? அதுதான் இல்லை. முன்பு நாலு குமிழைத் திருகினார்கள், இப்போது நாற்பதைத் திருகுகிறார்கள்!

"தி ஹூ" குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்சென்ட் காது கெட்டு, உள்ளே ஓயாத இரைச்சலோடு அவதிப்பட்டதைத் தானே சொல்லியிருக்கிறார். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம், 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான் என்பது அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் வகுத்த கணக்கு.

சங்கரன்கோவிலோ விசைத்தறி ஊர். பகல் பூராவும் தறிச் சத்தத்தில் நின்றவர், ராத்திரி குழாயடியில் உட்கார்ந்தால் காதுக்கு ஓய்வு ஏது? 2000-ம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக அரசு கொஞ்சம் சலுகை தரலாம். காது தராது!

வால்வு போனால் வேறு வால்வு போடலாம். கூம்பு கிழிந்தால் ஒட்டலாம். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் அணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

கிட்டார்கார அண்ணாச்சி! அடுத்த கச்சேரியில் குமிழைத் திருகும் முன்னால், மேடையை விட்டு இறங்கி வந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நீங்கள் தேடும் சத்தம், ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.