செட்டிநாட்டு மரபு வீடுகளின் மீட்டமைப்பு: வளவு, புள்ளி, பங்கு

முன்னுரை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்களில் நகரத்தார் எழுப்பிய பெருவீடுகளுள் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940களுக்கும் இடைப்பட்டவை. பர்மா முதலிய நாடுகளில் நடத்திய லேவாதேவித் தொழிலின் வருவாயே இவற்றுக்கு அடித்தளம். 1942இல் நிகழ்ந்த ஜப்பானியப் படையெடுப்பும், பர்மா விடுதலைக்குப் பிந்தைய நிலச்சட்டங்களும் அவ்வருவாயை அறுத்தன. பின்னர்ச் சில வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன, சில விடுதிகளாயின. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் கட்டடத்தைக் காப்பதும் குடும்ப இல்லத்தை மீட்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை வீட்டு வழக்குச் சொற்களின் துணைகொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளவும் புள்ளியும்

செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக அமைவது. தலைவாயிலில் நின்றால் பின்வாயில் வரை பார்வை நேராகச் செல்லும். இவற்றுள் வளவு என்னும் சொல் தனிக் கவனத்திற்குரியது. யாழ்ப்பாணத் தமிழில் அது வீட்டைச் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும். செட்டிநாட்டிலோ வீட்டின் நடுவே வான்நோக்கித் திறந்த முற்றத்தையும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரத்தையும் அறைகளையும் குறிக்கும். அவ்விடத்தைப் பகிர்ந்து வாழும் கூட்டுக் குடும்பத்திற்கும் அதுவே பெயர். நகரத்தார் வணிகம் குறித்து 1994இல் நூல் வெளியிட்ட டேவிட் ரட்னரும் வளவைக் கூட்டுக் குடும்பமாகவும், புள்ளியை அதனுள் அடங்கும் இணையர் குடும்பமாகவும் கொள்கிறார்.

மணமான மகன் நகரக் கோயிலில் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்படுகிறான். பின்னர் ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கப்படி அவ்விணையர் அதே வீட்டில் தனியே சமைத்து உண்பர். வளவைச் சுற்றிய அறைகளில் ஒரு பகுதி அவர்களுக்குரியதாகும். கூரை ஒன்று, அடுப்புகள் பல என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. எனவே அறைகளின் வரிசை குடும்ப உறவின் வரைபடமாகவும் விளங்குகிறது எனலாம்.

பொருளும் பழுதும்

மீட்டமைப்பில் முதலில் நேரும் பிழை சிமெண்ட் பயன்பாடு. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு பெயர்ந்து விழும். முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய பூச்சைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடுதல் வேண்டும். இரண்டாவது பிழை முற்றத்தை மூடுதல். ஓட்டுக் கூரைகள் முற்றம் நோக்கிச் சரிந்து மழைநீரை அங்கே சேர்க்கின்றன. வெப்பக் காற்று அவ்வழியே மேலெழுகிறது. முற்றத்தைத் தகட்டால் மூடினால் ஒளி, காற்று, நீர் ஆகிய மூன்றும் தடைபடும்.

பங்கு

இவற்றினும் கடினமானது உரிமைச் சிக்கல். மூன்று, நான்கு தலைமுறைகளில் ஒரு வீட்டின் பங்குதாரர் பலராகப் பெருகிவிடுகின்றனர். கூரையை மாற்றவும் அனைவரது இசைவு தேவைப்படுகிறது. இசைவு கிட்டும்முன் ஓடு சரிந்து உத்திரம் நனைகிறது.

இங்குச் சட்டமும் வீட்டமைப்பும் முரண்படும் இடம் ஒன்றுண்டு. வளவறைகள் மகன்களின் எண்ணிக்கையை ஒட்டியவை. மகள் மணந்து கணவனின் வளவில் புள்ளியாவாள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பத்தினரே முழுதும் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசுகள் பாகப்பிரிவினை கோரவியலாது என வரையறுத்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவை நீக்கியது. இன்று மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் மரபு வரைபடத்தில் அவளுக்கு அறை இல்லை.

முடிவுரை

விடுதியாகும் வீட்டில் சுவரும் தூணும் எஞ்சும். வளவு என்னும் சொல் இடப்பொருளில் மட்டும் நிற்கும். உறவுப் பொருளும் நிலைக்க வேண்டுமாயின், திருமணத்திற்கும் படைப்பிற்கும் பங்காளிகள் கூடும் பொதுவிடமாக முற்றம் தொடர்தல் வேண்டும். பராமரிப்புச் செலவு பங்கு வாரியாக எழுத்தில் வரையறுக்கப்படுதல் வேண்டும். பழைய அறைகளுள் ஒன்றேனும் மகள்வழிப் பங்கிற்கு உரியதாக்கப்படுதல் வேண்டும். மரபைச் சிதைப்பதாக இதனைக் கருத வேண்டியதில்லை. புதிதாக மணந்த ஒவ்வோர் இணையருக்கும் இடம் ஒதுக்கியே வளர்ந்த அமைப்பு, இன்னும் ஒரு பங்கிற்கு இடமளிப்பது அதன் இயல்போடு பொருந்துவதேயாகும்.