தடுப்பூசியில் துணையூக்கியும் ரீ கலங்களும்

"துணையூக்கி என்றால் என்ன?" என்று வினா வந்தால், "தடுப்பூசியுடன் சேர்க்கப்பட்டு பிறபொருளெதிரிகளின் அளவைக் கூட்டும் பொருள்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும் மாணவர்களே அதிகம். இவ்விடை பிழையன்று, ஆனால் பாதி விடையே. விடுபடும் மறுபாதி ரீ கலங்களைப் பற்றியது. அந்தப் பாதி அறியப்படாதிருந்த காலத்தில் குழந்தைகளின் உயிர் போயிருக்கிறது. ஆகவே இப்பகுதியைச் சற்று ஆறுதலாக வாசியுங்கள். கலைப்பிரிவு மாணவர்களும் பயப்படத் தேவையில்லை. இதில் சூத்திரங்கள் எதுவும் இல்லை.

முதலில் துணையூக்கி எவ்வாறு வந்தது என நோக்குவோம். 1920களில் பிரான்சின் பஸ்தர் நிறுவகத்தைச் சேர்ந்த கஸ்ரன் ரமோன் என்ற மிருக வைத்தியர், வலுவிழக்கச் செய்த தொண்டைக்கரப்பான் நச்சைக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து நச்செதிரியைப் பெற்றுவந்தார். ஊசி ஏற்றிய இடம் வீங்கிச் சீழ்கட்டிய குதிரைகளில் நச்செதிரி கூடுதலாக இருப்பதை அவர் அவதானித்தார். அப்படியானால் அந்த வீக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கினால் என்ன? மரவள்ளி மா, பாண்தூள் போன்றவற்றைக் கலந்து ஏற்றிப் பார்த்தார். பலன் கிடைத்தது. (பாண்தூள் என்றதும் வகுப்பில் சிரிப்பொலி எழும். ஆனால் அதன் பின்னர் இந்த விடயத்தை எவரும் மறப்பதில்லை.) 1926இல் இலண்டனில் அலெக்சாண்டர் கிளெனி என்பவர், அதே நச்சைப் படிகாரத்தால் வீழ்படிவாக்கிக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றி மேலும் சிறந்த விளைவைக் கண்டார். படிகாரம் என்பது நாம் சீனாக்காரம் என்று சொல்லும் பொருளே. அலுமினிய உப்புக்கள் இன்றும் துணையூக்கிகளாகப் பயன்படுகின்றன. எமது நாட்டில் சிசுக்களுக்கு ஏற்றப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசியிலும் அவை உள்ளன.

இனி ரீ கலங்களுக்கு வருவோம். 1961இல் ஜக் மில்லர் என்பவர், பிறந்தவுடனேயே தைமசுச் சுரப்பி அகற்றப்பட்ட சுண்டெலிகள் தொற்றுக்களை எதிர்க்க முடியாமல் நலிவதைக் கண்டறிந்தார். தைமசில் முதிர்ச்சியடையும் நிணநீர்க்குழியங்களே ரீ கலங்கள் ஆகும். இவற்றுள் கொல்லி ரீ கலங்கள், வைரசு புகுந்த கலங்களை அழிப்பவை. உதவி ரீ கலங்கள் தாமாகக் கொல்வதில்லை. பிற கலங்கள் என்ன செய்யவேண்டும் என்று கட்டளையிடுபவை. ஆயினும் ரீ கலம் தானாக விழிப்பதில்லை. ரல்ப் ஸ்ரைன்மன் 1973இல் சுண்டெலியின் மண்ணீரலில் கண்டறிந்த கிளையுருக் கலங்கள், பிறபொருளெதிரியாக்கியை நிணநீர்க்கணுவுக்குக் கொண்டுசென்று ரீ கலத்திற்குக் காட்டவேண்டும். காட்டினால் மட்டும் போதாது. "இது ஆபத்தானது" என்ற அறிகுறியும் கூடவே வரவேண்டும். துணையூக்கியின் உண்மையான வேலை இங்குதான் நடைபெறுகிறது.

1986இல் மொஸ்மன், கொவ்மன் ஆகியோர் சுண்டெலிகளின் உதவி ரீ கலங்களில் இரு வகைகள் உண்டெனக் காட்டினர். முதலாம் வகை இன்ரபெரோன் காமாவைச் சுரந்து, கலங்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளை அழிக்க உதவும். இரண்டாம் வகை இன்ரலூக்கின்-4 போன்றவற்றைச் சுரக்கும். ஒவ்வாமையுடன் தொடர்புடைய இயோசினோபில் குழியங்களை வரவழைப்பதும் இவ்வகையே. படிகாரம் சுண்டெலிகளை இரண்டாம் வகைப் பக்கமே திருப்புகின்றது. கொல்லி ரீ கலங்களை அது அவ்வளவாகத் தூண்டுவதில்லை. ஏற்புவலிக்கு இது போதும், ஏனெனில் அங்கு கட்டுப்படுத்த வேண்டியது உடற்பாயத்தில் மிதக்கும் நச்சை. கலத்துக்குள் புகுந்து பெருகும் கிருமிக்கு?

இங்கேதான் நான் முதலில் கூறிய துயரம் வருகிறது. ஆர்.எஸ்.வீ. என்பது சிசுக்களின் சுவாசப்பையைத் தாக்கும் வைரசு. இவ்வைரசை ஃபோமலினால் செயலிழக்கச் செய்து, படிகாரத்துடன் சேர்த்துத் தயாரித்த தடுப்பூசி 1960களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஏற்றிப் பரிசோதிக்கப்பட்டது. குருதியில் பிறபொருளெதிரிகள் தோன்றின. ஆனால் பின்னர் வைரசு தொற்றியபோது, ஒரு பரிசோதனையில், ஊசி ஏற்றப்பட்டுத் தொற்றுக்குள்ளான குழந்தைகளில் 80 வீதமானோர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். இந்த ஊசி ஏற்றப்படாதவர்களில் அது 5 வீதம் மட்டுமே. இரு குழந்தைகள் இறந்தனர். பாதுகாக்க வந்த ஊசியே நோயைக் கடுமையாக்கியது.

காரணம் சுண்டெலிகளிலேயே தெளிவாயிற்று. 1990களில் இதே வகைத் தடுப்பூசி ஏற்றிய சுண்டெலிகளில் உதவி ரீ கலங்களை அகற்றியபின் வைரசைச் செலுத்தியபோது, சுவாசப்பைப் பாதிப்பு பெரிதும் குறைந்தது. அதாவது தீங்கு விளைவித்தது, தவறான திசையில் பழக்கப்பட்ட ரீ கலங்களே. 2009இல் வெளிவந்த ஆய்வில், செயலிழந்த வைரசுடன் "ஆபத்து" அறிகுறி தரும் மூலக்கூறுகளையும் சேர்த்தபோது சுண்டெலிகள் பாதுகாக்கப்பட்டன. ஒன்றை அவதானிக்க: "படிகாரம் குழந்தைகளைக் கொன்றது" என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். ஃபோமலின் வைரசின் புரதத்தைச் சிதைத்ததும், அதனால் வலுவற்ற பிறபொருளெதிரிகள் தோன்றியதும் சேர்ந்தே இவ்விளைவு ஏற்பட்டது. படிகாரம் சேர்ந்த வேறு ஊசிகள் கோடிக்கணக்கானோரைக் காத்துள்ளன.

ஆகவே இப்போது மனிதரில் சோதிக்கும் முன்னர், ஊசி ஏற்றிய சுண்டெலியின் மண்ணீரற் கலங்களைப் பிறபொருளெதிரியாக்கியுடன் வளர்த்து, எத்தனை கலங்கள் இன்ரபெரோன் காமா சுரக்கின்றன, எத்தனை இன்ரலூக்கின்-4 சுரக்கின்றன என எண்ணுகின்றனர். பிறபொருளெதிரியை மட்டும் அளந்து திருப்தியடைவதில்லை. இருந்தாலும் சுண்டெலி மனிதனன்று. ஏன், ஒரு சுண்டெலி இனம் போல் மற்றையதும் அன்று: லெயிசுமானியா ஒட்டுண்ணிக்கு பால்ப்-சீ இனம் இரண்டாம் வகைப் பதிலைக் காட்டி நலிய, சீ-57 கறுப்பு இனம் முதலாம் வகைப் பதிலால் குணமடைகின்றது. விலங்குகளில் அபாரமாகச் செயற்படும் ஃபுரொயின்ட்டின் முழுமைத் துணையூக்கியோ, கடும் புண்களை உண்டாக்குவதால் மனிதருக்கு ஏற்றதன்று.

இத்தகைய ஆய்வுகளின் வழியே வந்ததுதான் ஏ.எஸ்.01 என்னும் துணையூக்கி. நச்சுத்தன்மை குறைக்கப்பட்ட பற்றீரியாக் கொழுப்பும், சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து பெறப்படும் சபோனினும் இதில் உள்ளன. அக்கித் தடுப்பூசியிலும் (2017), உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த மலேரியாத் தடுப்பூசியிலும் இது சேர்க்கப்பட்டுள்ளது. 2023இல் ஐக்கிய அமெரிக்காவில் 60 வயதிற்கு மேற்பட்டோருக்கு அனுமதிக்கப்பட்ட ஆர்.எஸ்.வீ. தடுப்பூசியிலும் இதுவே உள்ளது. முதியவர்கள் ஏற்கனவே இவ்வைரசைச் சந்தித்தவர்கள், சிசுக்கள் அப்படியல்லர். எனவே சிசுக்களுக்காக வேறு வழி தேடப்பட்டது. அதே ஆண்டு கர்ப்பிணித் தாய்மாருக்கென அனுமதிக்கப்பட்ட மற்றொரு ஆர்.எஸ்.வீ. ஊசியில் துணையூக்கியே இல்லை. தாயில் உருவாகும் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தின் ஊடாகச் சிசுவைச் சென்றடைகின்றன.

பயிற்சி வினா: பிறபொருளெதிரி தோன்றியிருந்தும் 1960களின் ஆர்.எஸ்.வீ. தடுப்பூசி தோல்வியடைந்தது ஏன்? உதவி ரீ கலங்களின் இரு வகைகளையும் தொடர்புபடுத்தி விளக்குக.