டெல்லிப் பூங்காக்களில் யோகப் பயிற்சி

டெல்லியில் யோகம் பெரும்பாலும் பூங்காவில்தான் கற்கப்படுகிறது. ரோகிணி, ஜனக்புரி, லோதி தோட்டம், சாணக்கியபுரியின் நேரு பூங்கா என்று எந்தப் பக்கம் போனாலும், விடியும் நேரத்தில் புல்வெளியில் ஜமக்காளம் விரித்து இருபது முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒருவர் செய்துகாட்ட, மற்றவர்கள் பார்த்துச் செய்வார்கள். பல இடங்களில் கட்டணமே கிடையாது. இந்த வழக்கம் நகரெங்கும் பரவியதில் பாரதிய யோக சன்ஸ்தானுக்குப் பெரும்பங்கு உண்டு. 1967-இல் பிரகாஷ் லால் டெல்லியில் தொடங்கிய அமைப்பு அது. அதன் வகுப்புகளை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

இலவசம் என்பதால் யாரும் வரலாம். அதனால் ரத்த அழுத்தம் உள்ளவரும், முழங்கால் தேய்ந்தவரும், கல்லூரி மாணவரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். ஒருவருக்கு மருந்தாகும் ஆசனம் பக்கத்தில் இருப்பவருக்குக் காயமாகலாம். எல்லோருக்கும் ஒரே கட்டளையைச் சொல்லியாக வேண்டிய இடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதே பூங்கா ஆசிரியரின் முதல் கேள்வி.

இதற்கு ஒரு நல்ல விடை அசோகா சாலையிலிருந்து வந்தது. இன்று மொரார்ஜி தேசாய் தேசிய யோகா நிறுவனம் இருக்கும் வளாகத்தில் ஒரு காலத்தில் தீரேந்திர பிரம்மச்சாரியின் விஸ்வாயதன் யோகாசிரமம் நடந்தது. நேருவுக்கும் இந்திரா காந்திக்கும் யோகம் கற்பித்தவர் அவர். தூர்தர்ஷனில் யோகப் பயிற்சி நடத்தி வடநாட்டு வீடுகளுக்கு அறிமுகமானவர். 1976-இல் அங்கே மத்திய யோக ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1998-இல் தேசிய நிறுவனம் உருவானது. பிரம்மச்சாரி வலியுறுத்திக் கற்பித்தது சூட்சும வியாயாமம்: கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் மூச்சோடு இணைத்து மெல்ல அசைத்துத் தளர்த்தும் எளிய பயிற்சிகள். ஆசனத்துக்கு முன் பத்து நிமிடம் இதைச் செய்தால் தசைகள் சூடேறி மூட்டுகள் இளகும். ஜனவரிக் குளிரில் விறைத்த உடம்போடு டெல்லிப் புல்வெளிக்கு வருபவருக்கு இதைவிடத் தேவையானது வேறில்லை.

தளர்த்திய பின் செய்யும் ஆசனங்களில் பாணிகள் பலவாகத் தோன்றினாலும், உலகம் இன்று செய்யும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதி இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. இரண்டிலும் தமிழ்நாட்டுக்கு உறவு உண்டு. முதலாவது மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தி, 1950-களில் சென்னைக்கு வந்து, நூறு வயது கடந்து 1989-இல் மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அவரிடம் கற்ற பட்டாபி ஜோயிஸ் ஆசனங்களை மூச்சோடு கோத்து, இடைவெளியின்றி வேகமாகச் செய்யும் அஷ்டாங்க வின்யாசத்தைப் பரப்பினார். இன்னொரு மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, பட்டை, நாற்காலி, தலையணை ஆகியவற்றைத் துணையாக்கி, ஒரே நிலையில் நெடுநேரம் துல்லியமாக நிற்கச் சொன்னார். மகன் தேசிகாச்சாரோ ஆசனத்துக்கு ஏற்ப ஆளை வளைக்காமல், ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்ற வேண்டும் என்ற வழியில் சென்றார். ஒரே ஆசிரியரிடமிருந்து இப்படி மூன்று வெவ்வேறு பாதைகள் பிறந்தன.

இரண்டாவது ஊற்று பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலேயாவில் மருத்துவராக இருந்து, ரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தர். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் வகுத்த பன்னிரண்டு ஆசன வரிசை தெற்கு டெல்லியின் கைலாஷ் காலனி மையத்திலும் கற்பிக்கப்படுகிறது. அந்த வரிசையின் முதல் ஆசனமே சிரசாசனம். நேரடி மேற்பார்வையில் படிப்படியாகக் கற்பவருக்கு அது பொருந்தும். அதே வரிசையைக் கைப்பேசியில் பார்த்துப் பூங்காவில் தானாக முயல்வது வேறு விஷயம்.

டெல்லியில் நடந்த முதல் சர்வதேச யோகா தினம் இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் எதிர்கொண்டது. ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பர் 11 அன்று ஜூன் 21-ஐ யோகா தினமாக அறிவித்தது. அடுத்த ஆண்டு அதே நாளில் ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாகப் பயிற்சி செய்தார்கள். முன்பின் தெரியாத இவ்வளவு பேருக்கு எந்த ஆசனத்தைச் சொல்வது? அதற்காக ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொது யோகா நெறிமுறை பிரார்த்தனைக்குப் பின் தளர்த்தும் பயிற்சிகளோடு தொடங்குகிறது. பிறகு தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம் போன்ற நின்று செய்பவை, அடுத்து வஜ்ராசனம் முதலிய உட்கார்ந்து செய்பவை, குப்புறப் படுத்துப் புஜங்காசனம், சலபாசனம், மல்லாந்து படுத்துச் சேதுபந்தாசனம், பவனமுக்தாசனம், சவாசனத்தில் ஓய்வு, கடைசியாகப் பிராணாயாமமும் தியானமும். சிரசாசனமும் சர்வாங்காசனமும் அதில் இல்லை. ஒரு பூங்கா ஆசிரியர் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பட்டியலில் எது சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனித்தாலே போதும்.

தலைகீழ் நிலைகளைத் தவிர்ப்பதற்குக் கழுத்தின் மேல் விழும் பாரம் மட்டும் காரணமல்ல. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனம் செய்யும் 75 பேரின் கண்களை அளந்து 2006-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆசனத்தில் இருக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. நலமான கண் இதைத் தாங்கிக்கொள்ளும். கண் அழுத்த நோயான கிளாகோமா உள்ளவருக்கு இது பார்வை நரம்பின் மேல் விழும் அடி. கிளாகோமா வலியின்றி வளர்வதால், தமக்கு அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. நாற்பது வயதைக் கடந்தவர் கண்ணைச் சோதித்துக்கொள்ளாமல் சிரசாசனத்தைத் தொடங்கக் கூடாது.

எளிதாகத் தெரியும் ஆசனங்களிலும் இடர் இருக்கிறது. முதுகெலும்பு வட்டு பிதுங்கியவர் பச்சிமோத்தானாசனத்தில் முதுகை வளைத்துக் காலைத் தொட முயன்றால் வலி கூடும். குடலிறக்கம் உள்ளவருக்கும், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவருக்கும் புஜங்காசனமும் சலபாசனமும் ஆகாது. வஜ்ராசனத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்த ஒருவருக்கு முழங்காலுக்கு அருகே நரம்பு நசுங்கிப் பாதம் தூக்க முடியாமல் தொங்கியதை 1971-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. கால் மரத்துப்போனால் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீரமல்ல. உடனே காலை நீட்டிவிட வேண்டும்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி டெல்லியிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. எய்ம்ஸ் தொடங்கிய மறு ஆண்டான 1957-இல், அதன் உடலியங்கியல் பேராசிரியர் பி.கே. ஆனந்தும் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்கர், பாக்சி ஆகிய இரு ஆய்வாளர்களும், இதயத்தைக் கட்டுப்படுத்துவதாகச் சொன்ன யோகிகளைக் கருவிகளோடு ஆராய்ந்தார்கள். அந்த யோகிகளில் ஒருவர் மேலே சொன்ன கிருஷ்ணமாச்சாரியார். மணிக்கட்டில் நாடி மறைந்தது. ஆனால் இதய மின்பதிவில் துடிப்பு நிற்கவில்லை. மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து நாடி கைக்கு அகப்படாமல் போகிறது என்று 1961-இல் விளக்கினார்கள். தேர்ந்த யோகி விரும்பிச் செய்யும் இந்த இறுக்கத்தை, இதய நோயாளி அறியாமல் செய்தால் மயக்கமும் அதைவிட மோசமானதும் நேரலாம். மூச்சை அடக்கும் கும்பகத்தைப் பொது வகுப்பில் நீட்டிச் சொல்லித்தரக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதியிலும் கவனம் வேண்டும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். மூக்குத்துளைகளை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியும், வண்டு போல ரீங்கரிக்கும் பிராமரியும், மூச்சை அடக்காமல் செய்தால், ஏறக்குறைய எல்லோருக்கும் ஏற்றவை.

டெல்லிக்கே உரிய ஆபத்து காற்று. அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை, குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி, புகையையும் தூசியையும் மேலெழவிடாமல் பிடித்து வைக்கிறது. விடியற்காலையில் இது மிக அடர்த்தியாக இருக்கும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாள் கடுமையானது என்று வகைப்படுத்தப்படுகிறது. வெளியே உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுப்பதற்கு உரிய நாள் அதுவல்ல. பிரம்ம முகூர்த்தத்தின் பெருமையைச் சொன்ன முன்னோர் இந்தப் புகையைப் பார்த்ததில்லை. குறியீடு 300-ஐக் கடந்தாலே பயிற்சியை வீட்டுக்குள் மாற்றிக்கொள்வதும், வேகமான மூச்சுப் பயிற்சிகளை நிறுத்திவைப்பதும் நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அளவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கற்பிப்பது தனிக்கலை. எதிரே நிற்கும் ஆசிரியர், மாணவர் வலக்கையைத் தூக்கும்போது தம் இடக்கையைத் தூக்கிக் கண்ணாடி போலக் காட்டினால் குழப்பம் வராது. செய்துகாட்டிக்கொண்டே இருப்பவருக்குப் பின்வரிசையில் இருப்பவரின் முழங்கால் தெரியாது. ஒருமுறை காட்டிவிட்டு எழுந்து வரிசைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். உடம்பைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். முதுகில் அழுத்தி வளைப்பது எந்த நிலையிலும் கூடாது. மத்திய அரசின் யோகா சான்றளிப்பு வாரியம் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் வைத்துச் சான்று தருகிறது. முதல் நிலைக்கு 200 மணி நேரப் பயிற்சி, அடுத்ததற்கு 400. இந்தச் சான்று கட்டாயமல்ல. அது இல்லாத நல்ல ஆசிரியர்களும் உண்டு. ஆனால் புதியவரிடம் உடல்நிலை பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் வரிசையில் உட்காரச் சொல்பவர் நல்ல ஆசிரியர் அல்லர்.

யோகத்தால் பலன் உண்டா என்பதற்கும் டெல்லியில் சான்று இருக்கிறது. இதயத் தமனி அடைப்புள்ள 42 ஆண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஓராண்டு யோக வாழ்க்கைமுறையைக் கற்பித்த எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. யோகக் குழுவில் நெஞ்சுவலி குறைந்தது. அடைப்பு வளரும் வேகமும் தணிந்தது. ஆனால் அவர்கள் ஆசனம் மட்டும் செய்யவில்லை. உணவையும் மாற்றினார்கள், மருத்துவர் கண்காணிப்பிலும் இருந்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு யோகத்துக்கு வரச் சொல்லும் எவரும் இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது.

பூங்கா வகுப்பில் புதிதாகச் சேர்பவர் ஆசிரியர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், முதுகு, செய்துகொண்ட அறுவை, கர்ப்பம் ஆகிய எல்லாவற்றையும் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், வெறும் வயிற்றில் வருவது சரியா என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். சர்க்கரை குறைந்தால் உடனே வாயில் போட, சட்டைப்பையில் கொஞ்சம் வெல்லமும் இருக்கட்டும்.