அண்டை நாட்டில் ஆட்சி கவிழ்க்கப்பட்டால்... கூட்டமைப்புகள் என்ன செய்கின்றன?

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் சில கிலோமீட்டரிலேயே வெல்லிங்டன் வந்துவிடும். பிரிவினைக்குப் பிறகு அங்கே அமைந்த ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் நமது முப்படை அதிகாரிகளுடன் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் ஆண்டுதோறும் வந்து படிக்கிறார்கள். 1973-ல் அவ்வாறு வந்து படித்தவர்களில் ஒருவர் நைஜீரியாவின் முஹம்மது புஹாரி.

1983 டிசம்பர் 31 அன்று நைஜீரியாவில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது. ஆட்சித் தலைவராக அமர்ந்தவர் புஹாரி. இருபது மாதங்களில் மற்றொரு ராணுவப் புரட்சி அவரையும் வீழ்த்தியது. பின்னர் தேர்தல் பாதைக்கு வந்து, மும்முறை தோற்று, 2015-ல் மக்கள் வாக்கில் அதிபரானார். அதற்கடுத்த ஆண்டே, பக்கத்து நாடொன்றில் பதவி விலக மறுத்த ஆட்சியாளரிடம் பேசி அனுப்பிவைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 2025 ஜூலையில் காலமான அவரது வாழ்க்கையின் இந்த இரு முனைகளும், நாடுகளின் கூட்டமைப்புகள் எவ்வளவு மாறியுள்ளன என்பதைக் காட்டுகின்றன. 1983-ல் அவரைக் கேள்வி கேட்க அண்டை நாடுகளிடம் விதி எதுவும் இருக்கவில்லை. 2016-ல் இருந்தது.

குர்ஆன் காட்டும் ஒழுங்கு

இரு சாரார் சண்டையிட்டுக்கொண்டால் செய்ய வேண்டியதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9-வது வசனம் வரிசைப்படுத்துகிறது. முதலில் சமாதானம் செய்ய வேண்டும். ஒரு சாரார் வரம்பு மீறினால், அவர்கள் அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும் வரை அவர்களை எதிர்க்க வேண்டும். திரும்பிவிட்டால் நீதியுடன் இணக்கம் ஏற்படுத்த வேண்டும். இன்றைய நாடுகளின் கூட்டமைப்புகளைப் பற்றி நேரடியாகப் பேசும் வசனமல்ல இது. ஆயினும் பேச்சு, அழுத்தம், நீதி என்ற இந்த வரிசை அவற்றை எடைபோட நமக்கு நல்ல அளவுகோல்.

காம்பியா: விதி வேலை செய்தபோது

மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 1975-ல் 'எகோவாஸ்' என்ற பொருளாதாரக் கூட்டமைப்பைத் தொடங்கின. அரசியல் சட்டத்துக்குப் புறம்பாக யார் ஆட்சியைப் பிடித்தாலும் ஏற்பதில்லை என்று 2001-ல் அவை எழுதிக் கையெழுத்திட்டன. ஆப்பிரிக்க ஒன்றியமும் அத்தகைய அரசுகளைத் தன் அவையிலிருந்து விலக்கி வைக்கிறது. 2013-ல் எகிப்தை அவ்வாறே விலக்கியது.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சிறிய நாடு காம்பியா. 1994-ல் ராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த யஹ்யா ஜம்மே 22 ஆண்டுகள் ஆண்டார். 2015-ல் நாட்டை 'இஸ்லாமியக் குடியரசு' என்று அறிவித்தார். 2016 டிசம்பர் தேர்தலில் ஆதாமா பாரோவிடம் தோற்றவர், முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒரே வாரத்தில் சொல்லை மாற்றினார். நாட்டின் பெயரில் இஸ்லாம் என்ற சொல்லைச் சேர்ப்பது எளிது. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பதுதான் கடினம்.

எகோவாஸ் முதலில் பேசியது. புஹாரியும் கானாவின் அதிபர் ஜான் மஹாமாவும் நடுவர்களாயினர். மஹாமா அப்போதுதான் தன் நாட்டுத் தேர்தலில் தோற்று, அதை ஏற்றுக்கொண்டவர். பேச்சு பலிக்காதபோது படைகள் எல்லைக்கு வந்தன. 2017 ஜனவரி 19 அன்று பாரோ, செனகல் தலைநகர் டாக்கரிலுள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். கடைசி நேரப் பேச்சுக்கு கினி, மொரிட்டானியா அதிபர்கள் சென்றனர். ஜனவரி 21 அன்று ஜம்மே நாட்டைவிட்டு வெளியேறினார். போர் மூளாமலே காரியம் முடிந்தது.

நைஜர்: தண்டனை யார் மீது விழுந்தது?

அதே எகோவாஸ் 2023-ல் தடுமாறியது. ஜூலை 26 அன்று நைஜர் அதிபர் முஹம்மது பாஸூமை அவரது காவல் படையே சிறைப்பிடித்தது. நான்கு நாட்களில் எகோவாஸ் ஒரு வாரக் கெடு விதித்தது; மறுத்தால் படை வரும் என எச்சரித்தது. எல்லைகள் மூடப்பட்டன, வங்கிப் பரிமாற்றங்கள் முடக்கப்பட்டன. நைஜரின் பெரும்பகுதி மின்சாரம் நைஜீரியாவிலிருந்து வருவது; அதுவும் துண்டிக்கப்பட்டது. உணவும் மருந்தும் ஏற்றிய லாரிகள் எல்லையில் வரிசையாக நின்றன. அங்கிருந்த இந்தியர்களை வெளியேறும்படி நமது வெளியுறவு அமைச்சகம் அறிவுறுத்தியது.

கெடு முடிந்தது. படை வரவில்லை. தளபதிகள் அரண்மனையில் இருந்தார்கள். இருளில் உட்கார்ந்ததும் விலையேற்றத்தைச் சுமந்ததும் ஏழை முஸ்லிம் குடும்பங்கள். ஏற்கெனவே ராணுவ ஆட்சியில் இருந்த மாலியும் புர்கினா பாஸோவும் நைஜருடன் கைகோத்தன. 2024 பிப்ரவரியில் தடைகளில் பெரும்பாலானவை விலக்கப்பட்டன. ஆனாலும் 2025 ஜனவரியில் அம்மூன்று நாடுகளும் எகோவாஸை விட்டே போய்விட்டன.

காம்பியாவில் தேர்தலில் வென்ற ஒருவர் பதவியேற்கக் காத்திருந்தார். அண்டை நாடுகள் ஒரே குரலில் பேசின. நைஜர் விவகாரத்தில் அண்டை நாடுகளே பிளவுபட்டிருந்தன. இன்னொரு காரணம் நம்பிக்கையிழப்பு. ஜம்மேவை அனுப்பிவைக்கச் சென்ற கினி அதிபர் ஆல்ஃபா கொண்டே, 2020-ல் அரசியல் சட்டத்தையே மாற்றி மூன்றாம் முறை பதவிக்கு வந்தார். எகோவாஸ் அதைத் தடுக்கவில்லை. மறு ஆண்டு ராணுவம் அவரைக் கவிழ்த்தபோது மட்டும் விதி நினைவுக்கு வந்தது. தளபதிக்கு ஒரு நீதி, அதிபருக்கு ஒரு நீதி என்றால் மக்கள் எப்படி நம்புவார்கள்?

நமது தெற்காசியாவில்

1985-ல் தொடங்கப்பட்ட 'சார்க்' அமைப்பின் சாசனம், சர்ச்சைக்குரிய விவகாரங்களைப் பேசவே கூடாது என்கிறது. முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும். 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் அதிபர் மஃமூன் அப்துல் கையூமின் ஆட்சியைக் கவிழ்க்க, இலங்கையின் புளொட் இயக்கத்தினர் கூலிப்படையாக வந்திறங்கினர். கையூம் உதவி கேட்டார். ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்தியப் படை அன்றிரவே தரையிறங்கி அவரைக் காப்பாற்றியது. ஆட்சியைக் காத்தது ஒரு பெரிய அண்டை நாடு, கூட்டமைப்பு அல்ல. 2018 அக்டோபரில் இலங்கையில் பிரதமர் பதவிக்கு இருவர் உரிமை கோரியபோது தீர்த்து வைத்தவை அந்நாட்டின் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும்தான். 2014-ல் காத்மாண்டுவில் கூடிய பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கவில்லை.

மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஆசியான் அமைப்பு ஐந்து அம்ச உடன்பாடு ஒன்றை எழுதியது. தளபதிகள் அதை மதிக்கவில்லை. ரோஹிங்கியா மக்களை விரட்டியடித்த அதே ராணுவம் அது என்பதை நாம் மறக்க முடியாது.

நமக்கு இதில் என்ன?

அரசுகள் மேலே எடுக்கும் முடிவு கீழே எப்படி இறங்கும் என்பதை நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட எண்ணிக்கைகளால் உறவுகளைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்காகவே தொடங்கப்பட்ட டான்டீ தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

எனவே அடுத்த முறை ஒரு முஸ்லிம் நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது என்ற செய்தி கைப்பேசியில் வரும்போது, வந்தவர் முழக்கம் நமக்குப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். அண்டை நாடுகள் முதலில் சமாதானம் பேசினவா? அழுத்தம் அநீதி இழைத்தவர் மீது விழுந்ததா, அரிசி வாங்க நிற்பவர் மீது விழுந்ததா? விதி எல்லாருக்கும் ஒன்றா? இந்த மூன்றையும் கேட்போம், நம் பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுப்போம். அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவனைத் தடுப்பதே அந்த உதவி என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த போதனையின் கருத்து. அது வீட்டுக்கும் மஹல்லாவுக்கும் நாடுகளுக்கும் பொருந்தும்.

அமானிதத்தைப் பேணும் ஆட்சியாளர்களையும், நீதியுடன் சமாதானம் செய்யும் அண்டை வீட்டாரையும் அல்லாஹ் எல்லா மக்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.